கறுப்புத் தலைப்பிரட்டையை விரால் ஏன் துப்புகிறது?

மேலூர்ப் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஐப்பசி மழைக்குப் பிறகு குட்டையின் ஓரமெல்லாம் ஆயிரக்கணக்கில் கறுப்புத் தலைப்பிரட்டைகள். உள்ளே ரோகு, கட்லாவோடு முப்பது நாற்பது விராலும் இருக்கின்றன. ஒரு மீனும் அவற்றைத் தொடவில்லை. தலைப்பிரட்டை விஷமா? விஷம் என்றால் அந்தத் தண்ணீரை மாடு குடிக்கலாமா, அந்த மீனை வீட்டில் சமைக்கலாமா? கேள்வி மூன்றாக இருந்தாலும் அவர் கேட்க வந்தது ஒன்றுதான். கடிக்கவும் தெரியாத, வேகமாக ஓடவும் தெரியாத இந்தக் கறுப்புப் புள்ளி ஒரு விராலை எப்படித் தள்ளி வைக்கிறது, அந்த வித்தை நமக்கும் ஆபத்தா என்பதே அது.

மதுரையில் ஒரு கல்லூரியில் 26 வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். மழைக்காலம் வந்தால் மாணவர்களோடு வாளியும் வலையுமாகக் கண்மாய் கண்மாயாக அலைந்திருக்கிறேன். மீனையும் தலைப்பிரட்டையையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்த அனுபவம் உண்டு. விஷத்தைப் பிரித்தெடுத்து அளந்த அனுபவம் கிடையாது. ஆகவே தொட்டியில் நடந்ததாக எழுதுவது நான் பார்த்தது, வேதியியலாக எழுதுவது மற்றவர்கள் செய்து நிலைநாட்டியது என்று பிரித்து வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னச் சிக்கலை அவிழ்த்துவிடலாம். ரோகுவும் கட்லாவும் தலைப்பிரட்டையைத் தொடாததில் எந்த அதிசயமும் இல்லை. கட்லா தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு பாசி, அழுகிய இலை தழை என்று மேயும். ஆட்டுக்கு முன்னால் கருவாட்டை வைத்துவிட்டு அது ஏன் தின்னவில்லை என்று கேட்பது போலத்தான் இது. இங்கே சாட்சி சொல்லவேண்டியவை விரால்கள். விராலுக்குத் தவளை என்றால் உயிர். தூண்டில்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்: சின்னத் தவளையை முள்ளில் கோத்து, தண்ணீரின் மேல் தத்தித் தத்தி இழுத்துத்தான் விரால் பிடிப்பார்கள். ஆனால் சொறித்தவளைக் குஞ்சை யாரும் கோப்பதில்லை. ஏன் என்று நான் ஒரு பெரியவரைக் கேட்டபோது, "அதை வாய்ல வச்சிட்டுத் துப்பிரும் சார்" என்றார். நான் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது அவருக்குக் கரையிலேயே தெரிந்திருந்தது.

உங்கள் குட்டையில் இருப்பவை அந்தச் சொறித்தவளையின், அதாவது தேரையின் குஞ்சுகள்தான் என்று உங்கள் வர்ணனையை வைத்தே சொல்லிவிடலாம். மை போன்ற கறுப்பு, சின்ன உடம்பு, ஓரத்தில் கூட்டமாக மொய்ப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் நம் வட்டாரத்தில் அநேகமாக அதுதான். (குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மைப் பயமுறுத்துமே, அதையும் சிலர் தேரை என்பார்கள். அது மரத்தவளை, வேறு குடும்பம்.) மழைக்கு மறுநாள் காலையில் பார்த்திருந்தால் முட்டையும் கண்ணில் பட்டிருக்கும்: கறுப்பு மணிகள் கோத்த, வழவழப்பான இரட்டை நூல், புல்லிலும் குச்சியிலும் சுற்றிக் கிடக்கும். மற்ற தவளைகளின் முட்டை இப்படி நூலாக இருக்காது. கொத்தாகவோ, தண்ணீரின் மேல் படலமாகவோ, நுரையாகவோ இருக்கும்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். ஒரு வருடம் சாண் நீள விரால் ஒன்றை ஒரு நாள் பட்டினி போட்டு, பத்துக் கறுப்புத் தலைப்பிரட்டைகளை உள்ளே விட்டோம். முதல் குஞ்சை அது யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்தது, தண்ணீரோடு குஞ்சு உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தோம். மூன்று விநாடி இருக்கும். விராலின் செவுள் மூடி இரண்டு பக்கமும் விரிந்தது, தலையை ஒரு குலுக்குக் குலுக்கியது, குஞ்சு முழுசாக வெளியே வந்து விழுந்தது. அடியில் மல்லாக்காகக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. விரால் அதற்குப் பிறகும் சும்மா சும்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, நாம் பாகற்காயைத் தெரியாமல் கடித்துவிட்டால் செய்வோமே, அது மாதிரி. இரண்டாவதும் அப்படியே. நான்காவதைக் கண்ணால் தொடர்ந்தது, கிட்டே போனது, திரும்பிவிட்டது. அதே தொட்டியில் பழுப்பு நிறத் தலைப்பிரட்டை ஒன்றைப் போட்டோம். போட்ட இடத்திலிருந்து அடிக்குப் போவதற்குள் காணோம். ஒரே ஒரு மீனை வைத்துச் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று விநாடியைப் பார்த்த எந்த மாணவரும் பரீட்சையில் அதை மறந்ததில்லை.

அந்த மூன்று விநாடியில் நடந்தது என்ன? தேரைக் குடும்பத்தின் விஷப் பொருட்களில் முக்கியமானவை பூஃபாடையினோலைடுகள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் இதன் ஒன்றுவிட்ட சொந்தக்காரர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான்: அரளி. அரளி விதையைத் தின்றால் இதயம் ஏன் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகிறதோ, அதே காரணம்தான் இங்கும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. அரளியின் நஞ்சும் தேரையின் நஞ்சும் அந்தப் பம்பில் போய் உட்கார்ந்துகொண்டு அதை நிறுத்திவிடும். உள்ளே சோடியம் சேரும், அதைத் தொடர்ந்து கால்சியம் சேரும், இதயத் தசை தாளம் தப்பும். காட்டில் கிடைக்கும் நரிவெங்காயத்தில் இருப்பது சொந்தக்காரர்கூட இல்லை, பூஃபாடையினோலைடேதான். இதய நோயாளிகளுக்கு அளந்து கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் இதே பம்பில்தான் வேலை செய்கிறது. தேரை தன் விஷத்தால் தானே சாவதில்லை. அதன் பம்பின் அமைப்பு சில இடங்களில் மாறியிருப்பதால் விஷம் அங்கே சரியாகப் பொருந்துவதில்லை.

ஆனால் இவ்வளவு பயங்கரமான சரக்கை வைத்திருந்தும் தலைப்பிரட்டை மீனைக் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கொன்றுவிட்டால் அதற்கு என்ன லாபம்? செத்த மீன் எதையும் கற்றுக்கொள்ளாது; அதன் இடத்துக்கு ஒன்றும் தெரியாத இன்னொரு மீன் வரும். ருசி கெட்டு, துப்பி, ஞாபகம் வைத்துக்கொள்கிற மீன்தான் தேவை. ஆஸ்திரேலியாவில் 1935-ல் கரும்பு வண்டை ஒழிக்க என்று கொண்டுபோய் விட்ட கரும்புத் தேரை நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது பலருக்கும் தெரிந்த கதை. அங்கே கொடுவா மீன்களை வைத்துச் சோதித்தார்கள்; நம் கடலோரம் கிடைக்கும் அதே கொடுவாதான். அதுவரை தேரையையே பார்த்திராத மீன்கள் முதலில் குஞ்சை வாயில் வாங்கின, துப்பின, அப்புறம் தவிர்க்கப் பழகிக்கொண்டன. முட்டையின் கதை வேறு. கரும்புத் தேரையின் முட்டையைத் தின்ற மற்ற தவளைகளின் தலைப்பிரட்டைகள் கும்பலாகச் செத்திருக்கின்றன. தேரை முட்டையைச் சமைத்துச் சாப்பிட்டு மனிதர்கள் இறந்ததும் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இதற்குக் காரணம், முட்டையில் இருப்பது தாயின் சீர்வரிசை. தாய்த்தேரை தன் விஷத்தில் ஒரு பங்கை முட்டைக்குள் வைத்து அனுப்புகிறது. கரும்புத் தேரையில் அந்தச் சரக்கு குஞ்சு வளர வளரக் குறைந்து, கால் முளைத்துக் கரையேறும் சமயத்தில் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. ஐரோப்பியத் தேரையில் அப்படி இல்லை. குஞ்சே சீக்கிரம் சொந்தமாகத் தயாரிக்க ஆரம்பித்து, தலைப்பிரட்டைப் பருவத்தின் நடுவில் நிறைய வைத்திருக்கிறது. கூட்ட நெரிசல் கூடும்போது அவற்றின் விஷமும் கூடியதை ஹங்கேரியில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே 'தேரைக்குஞ்சு என்றால் இவ்வளவு விஷம்' என்று ஒரே எண் சொல்ல முடியாது. உங்கள் குட்டையில் வால் சுருங்கிக் கால் முளைக்கும் கட்டத்தில் விரால்கள் திடீரென்று சிலவற்றைத் தின்ன ஆரம்பித்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ருசி என்பதை இன்னும் நேரடியாகச் சோதித்தவர் ரிச்சர்ட் வாஸர்சக். கோஸ்டாரிகாவில் கிடைத்த பல வகைத் தலைப்பிரட்டைகளை மனிதர்களைக் கொண்டே ருசிபார்க்க வைத்தார். வாயில் வைத்து, வாலைக் கடித்து, உடம்பைக் கடித்து, துப்பி, மதிப்பெண் போடவேண்டும், விழுங்கக் கூடாது. எல்லாவற்றிலும் கேவலமான ருசி கரும்புத் தேரையின் குஞ்சுக்கு. 1971-ல் வெளியான இந்த வேலைக்கு 2000-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது: எளிதில் கண்ணில் படும் குஞ்சுகள்தான் ருசி கெட்டவையாக இருந்தன. ஒளிந்து வாழத் தெரிந்தவனுக்குக் கசப்பு தேவையில்லை. (என் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு "யார் வருகிறீர்கள்?" என்று கேட்பேன். 26 வருடத்தில் ஒரு கை உயர்ந்தது. அவன் வேறு எதற்கோ தூக்கினான்.)

தவளை இனங்களை இந்தக் கோணத்தில் இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, மீன் இல்லாத தண்ணீராகத் தேடி முட்டையிடுவது. கீழக்குயில்குடிச் சமணர் மலை போன்ற பாறைகளின் மேல் மழைக்கு நிரம்பும் குழிகளைப் போய்ப் பாருங்கள். வயல் வரப்பில் தேங்கிய தண்ணீர், மாட்டுக் குளம்படி, தவளை எதையும் விட்டிருக்காது. அங்கே வளரும் குஞ்சுகள் பெரும்பாலும் ருசியானவை. அவற்றின் பந்தயம் மீனோடு இல்லை, வெயிலோடு. தண்ணீர் வற்றுவதற்குள் கால் முளைத்தாக வேண்டும். இன்னொன்று, மீன் இருக்கும் தண்ணீரிலேயே துணிந்து முட்டையிடுவது. அதற்குக் கசப்பு வேண்டும், அல்லது அசையாமல் ஒளியத் தெரிய வேண்டும். வட அமெரிக்காவில் பல இனங்களை ஒப்பிட்டு 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: மீனோடு சேர்ந்து வாழும் குஞ்சுகளிடம் ஏதாவது ஒரு தற்காப்பு இருக்கிறது, வற்றும் குட்டைக் குஞ்சுகள் பலவற்றிடம் அது இல்லை. உங்கள் குட்டையில் மழைக்கு மறுவாரம் பழுப்புக் குஞ்சுகளும் இருந்திருக்கும். நீங்கள் அவற்றைக் கவனிப்பதற்குள் விராலும், இருந்தால் ஜிலேபிக் கெண்டையும் கணக்கை முடித்திருக்கும். மிச்சம் நின்றவை கறுப்புகள்.

ஆயிரக்கணக்கில் மிச்சம் நின்றதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்தது அதுதான். தோலில் விஷம் வைத்திருக்கிறவனுக்கு உறிஞ்சுகிறவன்தான் எமன். நீச்சல் வண்டின் புழு, நீர்த்தேள், இலை மாதிரித் தட்டையாக இருந்து கொக்கி முன்காலால் பிடிக்கும் பெரிய நீர்ப்பூச்சி, இவையெல்லாம் குஞ்சின் தோலை ருசிபார்ப்பதே இல்லை. ஊசியைச் செருகி உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டுக் கூட்டை விட்டுவிடும். கடித்துத் தின்கிற தும்பிப் புழுகூடத் தேரைக்குஞ்சின் விஷத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இந்தப் பூச்சிகளை யார் தின்பது? உங்கள் மீன்கள். போதாததற்கு, மீன்குஞ்சு விடும் முன் எண்ணெயும் சோப்பும் கலந்து தெளித்து நீர்ப்பூச்சிகளைக் கொல்லும் வழக்கமும் உண்டு. ஆக, எதிரி என்று நீங்கள் நினைத்த மீன் இந்தக் கறுப்புக் குஞ்சுகளுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன். இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஆரெகனில், மீனுக்குப் பிடிக்காத ருசியுள்ள புல்ஃபிராக் என்னும் பெரிய தவளையின் குஞ்சுகள் புளூகில் மீன் இருக்கும் குளங்களில்தான் நன்றாகப் பிழைத்தன. மீன் தும்பிப் புழுக்களைத் தின்று குறைத்துவிட்டதுதான் காரணம் என்று 2003-ல் காட்டினார்கள்.

மீனுக்கு எதிரான வேதி வித்தை தோலோடு முடிவதில்லை. தண்ணீரில் வாசனையும் உண்டு. தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973-ல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு வெகுகாலம் முன்பே, 1938-ல், காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் மற்ற மீன்களை அலறியடித்து ஓட வைப்பதை எழுதியிருந்தார். தேரையின் தலைப்பிரட்டையிலும் இதே ஏற்பாடு இருப்பதை 1949-ல் விலங்கியலாளர் ஐப்ல்-ஐப்ஸ்ஃபெல்ட் காட்டினார். ஒன்றை நசுக்கிய தண்ணீரைக் கூட்டத்தின் ஓரம் ஊற்றினால் கூட்டம் கலைந்து விலகும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாய் திறந்து கத்தத் தெரியாத இந்த வயதில் அது சாகும்போது தோலால் கத்தி மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். குஞ்சைத் தின்ற மீன் விடும் கழிவு கலந்த தண்ணீரே போதும், பல இனங்களின் குஞ்சுகள் அசையாமல் ஒடுங்கிவிடும்.

செத்தவனுக்கு இதனால் என்ன லாபம் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கூட்டத்தில் பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்தால் பதில் கிடைக்கிறது. ஒரே தாயின் குஞ்சுகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்வதை அமெரிக்கத் தேரையில் 1979-ல் வால்ட்மன், ஆட்லர் இருவரும் காட்டினார்கள். தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாபூர் குழுவினர் நம் சொறித்தவளையின் குஞ்சுகளுக்கும் அந்த அறிவு இருப்பதை 2000-ல் எழுதினார்கள். அப்படியானால், ஒன்று கடிபட்டு மீனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் பிழைப்பது கூடப்பிறந்தவை. ருசி கெட்ட பூச்சிப் புழுக்கள் ஏன் கூட்டமாக வாழ்கின்றன என்பதற்கு 1930-லேயே மரபியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் இப்படித்தான் காரணம் சொன்னார். தலைப்பிரட்டைக்கும் இது பொருந்தும் என்பது என் கணிப்பு. நிரூபணம் என்று சொல்லமாட்டேன். கறுப்பு நிறம் 'என்னைத் தொடாதே' என்கிற பலகை என்பதும் அப்படித்தான். வெயிலைச் சீக்கிரம் வாங்கி வேகமாக வளரவும் கறுப்பு உதவும். இரண்டில் எது எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது.

இந்தக் கவசத்துக்கு ஓட்டையும் உண்டு. நம் பெரிய மஞ்சள் தவளையின் தலைப்பிரட்டை மாமிசம் தின்னும், தேரைக்குஞ்சையும் விட்டுவைக்காது. கொலைப்பசியில் இருக்கும் மீனும் கசப்பைப் பொறுத்துக்கொள்ளும். என் தொட்டி விராலே, நாலு நாள் வேறு தீனி இல்லாமல் கிடந்தபோது இரண்டை விழுங்கியது. அது சாகவில்லை. ஆனால் மறுநாள் போட்ட மண்புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக் கேள்விகள். உயிரோடு நீந்தும் குஞ்சுகள் தண்ணீரை விஷமாக்குவதில்லை. சரக்கு தோலுக்குள் இருக்கிறது. மாடு குடிக்கும்போது தவறி நாலைந்து உள்ளே போனாலும் மாட்டின் எடைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. கவலைப்படவேண்டியது நாய்க்குட்டிக்கு, அதுவும் பெரிய தேரையைக் கவ்வினால்: காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் பால் போல வரும். வாயில் நுரை தள்ளினால் உடனே வாயை நிறையத் தண்ணீரால் கழுவி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். அது தின்னாமல் துப்பிய பொருள் அதன் சதையில் எப்படிச் சேரும்? குடலை எடுத்துக் கழுவித்தானே குழம்பு வைக்கிறோம். பிள்ளைகள் குஞ்சைக் கையில் பிடித்தால் மரு வராது, கண்ணைக் கசக்குவதற்கு முன் கை கழுவினால் போதும்.

உங்களுக்கு நிஜமான தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை ஆயிரம் வாய்கள் நீங்கள் போடும் தவிட்டையும் பிண்ணாக்கையும் பங்கு போடும். மொத்தமாகச் செத்து அழுகினால் விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அடுத்த மழைக்கு மறுநாள் காலையிலேயே அந்த இரட்டை நூலை ஒரு குச்சியில் சுற்றி எடுத்து, மீன் இல்லாத பள்ளத்தில் விட்டுவிடுங்கள். நம் வெப்பத்தில் ஓரிரு நாளில் பொரித்துவிடும், அப்புறம் முடியாது. இப்போது இருப்பவற்றை விட்டுவிடலாம். ஒரு மாதத்துக்குச் சற்று மேலானால் நகம் அளவுத் தேரைகளாகக் கரையேறித் தோட்டத்துக் கரையானையும் எறும்பையும் தின்னப் போய்விடும். தூண்டிலோடு வரும் தூரத்துச் சொந்தக்காரர் யாராவது அவற்றை விராலுக்குப் போடலாமா என்று கேட்டால், ஒரு மதியம் வீணாகும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.